ஒட்டகத்தைக் கட்டக் கயிறு வேண்டும்

(ஜும்ஆப் பேருரை)

அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் நின்று நிலவட்டுமாக!

 

தொழுகையைப் பற்றி மிம்பரில் பேசுகிறோம். நோன்பையும் ஜகாத்தையும் பற்றிப் பேசுகிறோம். வியாபாரத்தில் நேர்மை வேண்டும், வட்டி கூடாது என்றெல்லாம் எச்சரிக்கிறோம். ஆனால், காலையில் வேலைக்குச் சென்ற ஒரு மனிதர் மாலையில் முழு உடலோடு தம் வீட்டிற்குத் திரும்ப வேண்டுமே, அதைப் பற்றி எத்தனை ஜும்ஆக்களில் பேசியிருக்கிறோம்? இருபது ஆண்டுகளாக மிம்பரில் ஏறி வரும் எனக்கு, அப்படிப் பேசியதாக ஒரு ஜும்ஆவும் நினைவில் இல்லை. அந்தக் குறையை எனக்கு உணர்த்தியவர் மார்க்க அறிஞர் அல்லர். நம் பள்ளிவாசலுக்கு வர்ணம் பூச வந்த ஓர் இளைஞர்.

ரமளான் பிறக்க ஒரு வாரமே இருந்தது. மினாராவுக்குச் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. நானும் நிர்வாகிகளும் நாள்தோறும் அஸருக்குப் பின் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்போம். "தராவீஹ் தொடங்குவதற்குள் முடிந்துவிட வேண்டும்" என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவோம். மூன்றாம் நாள் அந்த இளைஞரின் கால் வழுக்கியது. சாரத்தின் குறுக்குக் கழியில் மார்பு மோதி, அதையே பற்றித் தொங்கினார். அல்லாஹ் காப்பாற்றினான். விலா எலும்புகள் இரண்டு முறிந்ததோடு போயிற்று. மருத்துவமனையில் அவரிடம், "தம்பி, இடுப்பில் கட்டும் கயிறு கீழேயே கிடந்ததே, ஏன் கட்டிக்கொள்ளவில்லை?" என்று கேட்டேன். அவர் குறை கூறும் தொனியே இல்லாமல் சொன்னார்: "இடம் மாறும்போதெல்லாம் கயிற்றை அவிழ்த்துக் கட்டினால் வேலை தாமதமாகும் ஹஜ்ரத். நீங்கள்தானே நோன்புக்கு முன் முடிய வேண்டும் என்றீர்கள்?"

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைப்பதா, கட்டாமல் விட்டுவிட்டு நம்பிக்கை வைப்பதா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பின்னர் தவக்குல் வை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதைத் திர்மிதீயில் காண்கிறோம். இந்த ஹதீஸை நான் எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறேன். ஆனால் அன்று மருத்துவமனைக் கட்டிலருகே அதன் இன்னொரு பக்கம் எனக்குப் புலப்பட்டது. கட்டு என்று சொல்லும் நாம், கட்டுவதற்குக் கயிறு கொடுத்தோமா? கயிறு கொடுத்திருந்தாலும், கட்டுவதற்குரிய நேரத்தைக் கொடுத்தோமா? அந்த இளைஞருக்குக் கயிறு இருந்தது. நேரத்தை நாங்கள் பறித்துக்கொண்டோம்.

உடல் ஓர் அமானிதம்

முதலில் தொழிலாளியின் பங்கைப் பார்ப்போம். அதை மறைப்பது நியாயமாகாது.

நம் உடல் நமக்குச் சொந்தமானதன்று. அது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். தம் கைகளாலேயே தம்மை அழிவில் போட்டுக்கொள்ளலாகாது என்பது அல்பகரா அத்தியாயம் தரும் பாடம். தடுப்புச் சுவர் இல்லாத மொட்டைமாடியில் உறங்குபவர் தமக்குரிய பாதுகாப்பைத் தாமே இழந்துவிடுகிறார் என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் வந்துள்ளது. உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கவசங்கள் அணிந்திருந்தார்கள். அல்லாஹ்வின் மீது அவர்களைவிட அதிகம் தவக்குல் வைத்தவர் யார்? அவர்களே கவசம் அணிந்திருக்க, தலைக்கவசம் அணிவதைக் கோழைத்தனம் என்று கருத நாம் யார்?

ஆயினும் மனிதன் ஏன் அலட்சியம் செய்கிறான்? பழக்கம் முதற் காரணம். "முப்பது வருடமாக இப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். ஆபத்தான செயல் ஒவ்வொரு முறையும் ஆபத்தில் முடிவதில்லை. நூறு முறை தப்பியவன், தன் முறையே சரியானது என்று நம்பிவிடுகிறான். நூற்றியோராவது முறை அந்த நம்பிக்கையே அவனைக் கொல்கிறது. அடுத்தது தோழர்களின் கேலி. புதிதாகச் சேர்ந்த பையன் கையுறை கேட்டால் "மாப்பிள்ளைக்கு மருதாணி கலைந்துவிடுமோ?" என்று சிரிக்கும் இடத்தில், மறுநாள் அவன் கையுறை கேட்கமாட்டான். மூன்றாவது களைப்பு. இரட்டை ஷிப்டு பார்த்தவனின் கண்ணும் கையும் ஒத்துழைப்பதில்லை.

நம் சமுதாயத்திற்கே உரிய இரண்டு செய்திகளையும் இங்கே சொல்ல வேண்டும். தாடி வைத்திருப்பவர்களுக்கு, முகத்தோடு இறுகப் படியும் வாயுத் தடுப்பு முகமூடி சரியாகப் பொருந்தாது. ரோமத்தின் இடைவெளி வழியே நச்சுக் காற்று உள்ளே புகுந்துவிடும். முகமூடி அணிந்திருக்கிறோம் என்ற துணிச்சலில் உள்ளே செல்பவர், உண்மையில் அணியாதவரைப் போன்றவரே. தலை முழுவதையும் மூடி, சிறு மின்விசிறியால் தூய்மைப்படுத்திய காற்றை உள்ளே செலுத்தும் கவசங்கள் உள்ளன. தாடியோடு அணியத்தக்கவை அவை. அதைக் கேட்டுப் பெறுங்கள். இரண்டாவது, நோன்பு வைத்துக்கொண்டு கடும் வெயிலிலோ உயரத்திலோ வேலை செய்பவர் மயங்கி விழும் நிலைக்கு ஆளானால், நோன்பை முறித்துப் பின்னர் களாச் செய்வதற்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அந்தச் சலுகையை அருளியவன் அல்லாஹ். அதை ஏற்றுக்கொள்வது பலவீனம் ஆகாது.

தொட்டிக்குள் இறங்கியவர்கள்

இனி, தொழிலாளி எவ்வளவு கவனமாக இருந்தாலும் அவன் கையில் இல்லாத பங்கைப் பார்ப்போம்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, திண்டுக்கல் எனத் தோல் பதனிடும் தொழிலை நம்பி வாழும் நம்மவர்கள் பலர். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். குரோமியத்தில் பதனிடும் கட்டத்தில் அமிலம் சேர்க்கிறார்கள். இவ்விரு கழிவுகளும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு பிறக்கிறது. அழுகிய முட்டையின் நாற்றம் அதன் அடையாளம். ஆனால் வாயுவின் அளவு கூடும்போது மூக்கின் நுகரும் சக்தியே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று எண்ணி இறங்குபவன் மரணத்தை நோக்கி இறங்குகிறான். அது காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியில் தங்கியிருக்கும். அதிக அளவில் இருந்தால் சில மூச்சுகளிலேயே மனிதன் சாய்ந்துவிடுவான். முகத்தில் கட்டும் ஈரத்துணியால் அதைத் தடுக்க முடியாது.

இத்தகைய தொட்டிகளில் நடக்கும் மரணங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒருவன் இறங்கி மயங்குகிறான். அவனைக் காப்பாற்ற இரண்டாமவன் இறங்குகிறான். அவனைத் தேடி மூன்றாமவன் இறங்குகிறான். அப்படி இரண்டாவதாக இறங்கிய ஓர் இளைஞரின் ஜனாஸாத் தொழுகையை நான் நடத்தினேன். தன் தோழனைத் தூக்கப் போனவர் அவர். அவரைக் கவனக்குறைவானவர் என்று எந்த வாய் சொல்லும்?

அன்று வீட்டில் கூடியிருந்தவர்கள் அனைவரும், "விதி முடிந்துவிட்டது, பொறுமையாக இருங்கள்" என்றனர். நானும் அதையே சொன்னேன். அவருடைய வயது முதிர்ந்த தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அத்தா, என் மகனை அழைத்துக்கொண்டது அல்லாஹ். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் உள்ளே போனவனை மேலே இழுக்க ஒரு கயிறு ஏன் இல்லை? அதை நான் யாரிடம் கேட்பது?"

அன்று என்னிடம் பதில் இல்லை. தொட்டிக்குள் காற்றை அளந்து பார்க்கும் கருவி, காற்றோட்டம் தரும் விசிறி, உடலோடு பிணைத்த கயிறு, அதன் மறுமுனையைப் பிடித்தபடி மேலே ஒருவர், இவை அனைத்தும் தயார் என்று பொறுப்பாளர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு ஆகியவை அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். இவற்றில் எதையும் நாள்கூலி வாங்கும் ஓர் இளைஞர் தம் சட்டைப் பையிலிருந்து கொண்டுவர முடியாது. அவற்றை வாங்கி வைக்க வேண்டியவர் வேறொருவர்.

விதியின் மீது பழி போடலாமா?

சகோதரர்களே! களாகத்ரை நம்புவது ஈமானின் அங்கம். அதில் ஐயமில்லை. ஆனால் அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் அதை எப்படி விளங்கியிருந்தார்கள் என்று பாருங்கள். ஷாம் நாட்டை நோக்கிச் சென்ற அவர்கள் ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. அவர்கள் தனியாக முடிவெடுக்கவில்லை. முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள். அன்ஸாரிகளை அழைத்து ஆலோசித்தார்கள். பின்னர் குறைஷிகளின் மூத்தவர்களை அழைத்தார்கள். மக்களைத் திருப்பி அழைத்துச் செல்வது என்று முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின்பால் செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

ஆபத்து என்று அறிந்ததும் பயணத்தையே கைவிட்ட அந்தத் தலைமையை நினைத்துப் பாருங்கள். வந்த தூரம் வீணாகிறதே, செலவு வீணாகிறதே என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டாலும், அது விதி என்று சொல்லி அல்லாஹ் விட்டுவிடவில்லை. இறந்தவரின் குடும்பத்திற்கு ஈட்டுத்தொகையும், தவறியவருக்குப் பரிகாரமும் அந்நிஸா அத்தியாயத்தில் விதித்தான். பொதுவழியில் உரிமையின்றிக் குழி தோண்டி, அதில் ஒருவர் விழுந்து இறந்தால் தோண்டியவர் பொறுப்பேற்க வேண்டும் என்று நம் ஃபிக்ஹ் நூல்கள் பேசுகின்றன. விதியை நம்பிய அதே இமாம்கள்தாம் பொறுப்பையும் வகுத்தார்கள். இழந்தவர் பொறுமை கொள்வதற்காகத்தான் விதி என்ற சொல் இருக்கிறது. இழப்புக்குக் காரணமானவர் ஒளிந்துகொள்ளும் இடமாக அதை ஆக்கிவிடக் கூடாது.

நெருப்பில் குதிக்கச் சொன்ன தளபதி

2013 ஏப்ரல் 23 அன்று வங்காளதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகிலுள்ள சாவர் என்ற ஊரில், ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல்கள் தோன்றின. மக்கள் வெளியேற்றப்பட்டனர். மறுநாள் கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டிருந்தன. ஆனால் மேல்தளங்களில் இயங்கிய ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் மட்டும் உள்ளே வரும்படி பணிக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உள்ளே செல்லத் தயங்கியவர்களிடம் சம்பளம் பிடிக்கப்படும் என்று மிரட்டினார்கள். காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு மின்சாரம் தடைப்பட்டது. மேல்தளத்து ஜெனரேட்டர்கள் இயங்கத் தொடங்கின. கட்டடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தனர்.

இங்கே தொழிலாளியின் அறியாமை எங்கே இருக்கிறது? அவர்கள் விரிசலைக் கண்ணால் கண்டார்கள். அஞ்சினார்கள். ஆபத்தை வங்கி ஊழியர் அறிந்த அளவுக்கு அவர்களும் அறிந்திருந்தார்கள். ஒரே வேறுபாடு, "வரவேண்டாம்" என்று வங்கி தன் ஊழியரிடம் சொன்னது. "வந்தே தீர வேண்டும்" என்று தொழிற்சாலை தன் ஊழியரிடம் சொன்னது.

நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய ஒரு படையின் தளபதி, ஏதோ கோபத்தில் தம் வீரர்களை விறகு சேர்க்கச் சொல்லி, தீ மூட்டச் சொல்லி, அதில் நுழையும்படி கட்டளையிட்டார். வீரர்கள் தயங்கி நின்றார்கள். நெருப்பிலிருந்து தப்பிப்பதற்காகத்தானே நாம் நபியைப் பின்பற்றினோம் என்று பேசிக்கொண்டார்கள். இதற்குள் தீ அணைந்தது. தளபதியின் கோபமும் தணிந்தது. செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள், அதில் நுழைந்திருந்தால் ஒருபோதும் வெளியேறியிருக்கமாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் நன்மையான காரியத்தில் மட்டுமே என்றும் தெளிவுபடுத்தினார்கள். அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

நபியே நியமித்த தளபதிக்கு இல்லாத அதிகாரம், ஒரு சூப்பர்வைசருக்கு எங்கிருந்து வந்தது?

ராணா பிளாசாவுக்குப் பின், அதே ஆண்டு மே மாதத்தில் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆலைகள் ஆய்வு செய்யப்பட்டன. அவசர வழிகளும் தீத்தடுப்புக் கதவுகளும் அமைக்கப்பட்டன. ஆபத்தான கட்டடத்திற்குள் நுழைய மறுக்கலாம், அதற்காகக் கூலியை இழக்க வேண்டியதில்லை என்ற உரிமையும் அதில் எழுதப்பட்டது. அதே நாடு, அதே தையல் எந்திரங்கள், அதே ஏழைப் பெண்கள். மாறியவை மேலே இருந்தவர்கள் ஏற்றுக்கொண்ட விதிகள்தாம்.

மிச்சப்படுத்தியவர் யார், விலை கொடுத்தவர் யார்?

நம் நாட்டின் போபாலை மறக்க முடியுமா? 1984 டிசம்பர் 2 ஆம் நாள் நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டி ஒன்றில் தண்ணீர் புகுந்தது. ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் கொதித்து நச்சுப் புகையாக வெளியேறியது. பழைய நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அவர்களில் முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம்.

ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தண்ணீரைச் செலுத்திவிட்டார் என்று அந்நிறுவனம் பின்னர் வாதிட்டது. வாதத்திற்காக அதை ஏற்றுக்கொண்டாலும், மற்ற கேள்விகளுக்கு யார் விடை சொல்வது? தொட்டியைக் குளிர்விக்கும் எந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரித்துவிடும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. வாயுவைக் கழுவி முறிக்கும் அமைப்பு ஆயத்த நிலையில் இல்லை. செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்திருந்தார்கள். அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1981 டிசம்பரில் அதே ஆலையில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். 1982 மே மாதம் அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து வந்த குழு குறைகளைப் பட்டியலிட்டுத் தந்தது. எச்சரிக்கை வந்தது. கேட்கும் காதுதான் இல்லை.

நம் ஜமாஅத்தில் தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றும் சகோதரர் ஒருவர் எனக்கு ஒரு செய்தி சொன்னார். 1931 இல் ஹெயின்ரிச் என்ற அமெரிக்கர், விபத்துகளில் நூற்றுக்கு 88 தொழிலாளியின் தவறான செயலால் நேர்பவை என்று எழுதினார். அவர் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றியவர். அவர் பார்த்த ஆவணங்கள் பெரும்பாலும் முதலாளிகளும் மேற்பார்வையாளர்களும் எழுதிக்கொடுத்தவை. அடிபட்டவனிடம் கேட்டு எழுதியவை அல்ல. பிற்காலத்தில் ஜேம்ஸ் ரீஸன் என்ற ஆங்கிலேய உளவியல் அறிஞர், தனி மனிதர்களின் பிழைகளைக் கொசுக்களுக்கு ஒப்பிட்டார். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே இருக்கலாம். குட்டையை வற்றச் செய்யாதவரை அவை வந்துகொண்டே இருக்கும். நம் ஊர்க்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

கப்பலின் அடித்தளம்

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும், புகாரீயில் உள்ள ஓர் உவமையை நீங்கள் அறிவீர்கள். கப்பலின் மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே வர வேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்குத் தொல்லை தர வேண்டாமே என்று எண்ணித் தம் பகுதியிலேயே ஓட்டை போடத் துணிந்தார்கள். தடுத்தால் அனைவரும் பிழைப்பர். விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர்.

இந்த உவமையை நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதற்கு எடுத்துக்காட்டாக உரைப்போம். அது சரியே. எனினும், கீழே இருந்தவர்கள் ஏன் ஓட்டை போட நினைத்தார்கள் என்பதையும் சிந்தியுங்கள். மேலே போய்க் கேட்பது அவர்களுக்குக் கடினமாக இருந்தது. கேட்பதற்குக் கூச்சப்படும் இடத்தில், மனிதன் குறுக்கு வழி தேடுகிறான்.

உங்கள் தொழிற்கூடத்தில் "இந்த எந்திரத்தின் மூடி உடைந்திருக்கிறது" என்று சொன்னவனுக்கு நன்றி கிடைக்கிறதா, வசவு கிடைக்கிறதா? மயிரிழையில் தப்பியவன் அதை மேஸ்திரியிடம் சொன்னால், "கண் எங்கே போயிற்று?" என்ற கேள்விதான் வருகிறதா? ஒருவன் ஒரு முறை திட்டு வாங்கினால், பத்துப் பேர் பத்து வருடம் வாய்மூடிக்கொள்வார்கள். விபத்து நடந்த பிறகே முதலாளிக்குச் செய்தி எட்டும்.

போபாலுக்குப் பின் 1987 இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டபோது, உடனடி ஆபத்து இருப்பதாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்தின் கவனத்திற்குக் கொண்டுவரும் உரிமை எழுதப்பட்டது. 2020 இல் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் ஏட்டில் உள்ள உரிமை தொழிலாளியின் நாவுக்கு வர வேண்டுமானால், முதலாளியின் முகம் மலர்ந்திருக்க வேண்டும்.

நம் வீட்டு வாசலில்

"நான் முதலாளி அல்லவே, எனக்கு என்ன?" என்று நீங்கள் எண்ணலாம். நீங்கள் வீடு கட்டும் நாளில் முதலாளியாகிறீர்கள். கொத்தனார் வெறுங்காலோடு மூங்கில் சாரத்தில் நிற்கும்போது, மின்பணியாளர் மெயினை அணைக்காமல் கம்பியைத் தொடும்போது, நீங்களே அங்குள்ள மேய்ப்பர். ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பிலுள்ளோர் பற்றி விசாரிக்கப்படுவர் என்ற நபிமொழி ஆட்சியாளருக்கு மட்டும் உரியதன்று.

செப்டிக் டேங்க் நிரம்பினால், குறைந்த கூலிக்கு வரும் ஒருவரை உள்ளே இறக்குகிறோமே, அங்கேயும் அதே நச்சு வாயு இருக்கிறது. பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஒருவரை அதில் இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. கழிவுநீர்ச் சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஓர் உயிரைப் பணயம் வைக்காதீர்கள். உறிஞ்சும் லாரியை அழையுங்கள்.

வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களே! அமீரகத்திலும் சவூதியிலும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் வேளையில் திறந்தவெளியில் வேலை வாங்கத் தடை உண்டு. கத்தாரில் 2021 முதல், ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை அத்தடை நீட்டிக்கப்பட்டுள்ளது. தொலைபேசியில் அழைக்கும் மகனிடம், "இந்த மாதம் எவ்வளவு அனுப்புகிறாய்?" என்று கேட்கும் முன், "நண்பகலில் நிழல் தருகிறார்களா? குடிக்கத் தண்ணீர் தருகிறார்களா?" என்று கேளுங்கள். வீட்டின் கேள்வி எதுவோ அதுவே அவனுடைய அவசரமாகிறது. தங்கையின் திருமணத்திற்காக ஓய்வின்றி ஓவர்டைம் பார்க்கும் அண்ணனின் களைப்பில் நமக்கும் பங்குண்டு.

யார் என்ன செய்ய வேண்டும்?

முதலாளிகளே! உங்கள் பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள் என்றும், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தலாகாது என்றும், சுமத்தினால் நீங்களும் கைகொடுக்க வேண்டும் என்றும் அபூதர் (ரலி) அவர்கள் வாயிலாக வந்த போதனையை நினைவில் வையுங்கள். கவசம் வாங்கிப் பூட்டி வைப்பதோடு கடமை தீராது. அதை அணிந்து வேலை செய்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ, அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்து வேலை முடியும் நாளைக் குறியுங்கள். தொழிற்கூடத்திற்குள் நீங்கள் நுழையும்போது நீங்களே தலைக்கவசம் அணியுங்கள். நூறு அறிவிப்புப் பலகைகளைவிட அது உரக்கப் பேசும்.

மேஸ்திரிகளே, சூப்பர்வைசர்களே! முதலாளியின் அவசரம் உங்கள் வழியாகவே தொழிலாளியைச் சென்றடைகிறது. "சீக்கிரம்" என்று நீங்கள் பத்து முறை சொல்லி, "கவனம்" என்று ஒரு முறை சொன்னால், தொழிலாளி எதைக் கேட்பான் என்பது உங்களுக்கே தெரியும்.

தொழிலாளத் தோழர்களே! கொடுத்த கவசத்தை அணியுங்கள். கொடுக்காவிட்டால் கேளுங்கள். தனியே கேட்க அஞ்சினால் நால்வராகச் சேர்ந்து கேளுங்கள். தொட்டியில் மயங்கிக் கிடப்பவரைக் கண்டால், அந்த நொடியில் பதறி இறங்காதீர்கள். தீயணைப்புத் துறையை அழையுங்கள்; மேலிருந்து காற்றைச் செலுத்துங்கள். உங்கள் உயிரும் சேர்ந்து போனால் அவர் காப்பாற்றப்படுவதில்லை.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் எனக்கும் சேர்த்தே கடைசியாகச் சொல்கிறேன். அந்த இளைஞரின் மருத்துவச் செலவையும், அவர் வேலைக்குத் திரும்பும்வரை அவருடைய நாள்கூலியையும் ஜமாஅத் ஏற்றது. அதைத் தர்மம் என்று எவரும் கணக்கு எழுதக்கூடாது என்று நான் சொன்னேன். அது நாம் பட்ட கடன். மினாராவின் ஒரு பகுதி பழைய வர்ணத்தோடே நின்றது. ரமளான் வந்தது, தராவீஹ் நடந்தது. எந்தக் குறையும் நேரவில்லை. பெருநாளுக்குப் பின் அவரே வந்து மீதியை முடித்தார். இம்முறை கயிறு கட்டியிருந்தார். ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் அவர் அவிழ்த்துக் கட்டுவதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கால்மணி நேரம் கூட ஆகவில்லை. அந்தக் கால்மணி நேரத்தைத்தான் நாங்கள் முன்பு அவருக்குத் தர மறுத்திருந்தோம்.

மகனை இழந்த அந்தத் தாயின் கேள்வி இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. அவருக்கு இப்போது என்னால் விடை கூற முடியும்: "அம்மா, உங்கள் மகனின் மரணம் அல்லாஹ்வின் விதி. கயிறு இல்லாமற்போனது எங்களின் குற்றம். அந்தக் கேள்வியை நீங்கள் எங்களிடம்தான் கேட்க வேண்டும். இங்கே கேட்காவிட்டாலும், நாளை மஹ்ஷரில் அது எங்களிடம் கேட்கப்படும்."

யா அல்லாஹ்! ஹலாலான உணவைத் தேடிக் காலையில் வீட்டைவிட்டுப் புறப்படும் ஒவ்வொருவரையும் மாலையில் நலமுடன் அவர்தம் குடும்பத்தாரிடம் சேர்ப்பாயாக! எங்கள் பொறுப்பில் உள்ளவர்களின் உயிரை எங்கள் பிள்ளைகளின் உயிரைப் போல் மதிக்கும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! பணியிடங்களில் உயிர் நீத்தவர்களின் பிழைகளை மன்னித்து, அவர்தம் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நீயே பொறுப்பேற்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!